உயர் குளுக்கோஸில் பெரிசைட்: வளர்சிதை மாற்றத்தை அளக்க முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்ணிய ரத்த நாளங்கள் கெடும்போது, முதலில் காணாமல் போகிறவற்றில் பெரிசைட் செல்களும் உண்டு. தந்துகியை வெளிப்பக்கத்திலிருந்து அணைத்தபடி, அதன் அடித்தளச் சவ்வுக்குள்ளேயே புதைந்து கிடக்கும் செல் இது. விழித்திரையில் ஏறக்குறைய ஓர் எண்டோதீலியல் செல்லுக்கு (நாளத்தின் உட்சுவராக அமையும் செல்) ஒரு பெரிசைட் என்ற அளவுக்கு நெருக்கமாக இருக்கும். எலும்புத்தசையில் நூற்றுக்கு ஒன்றுதான். விழித்திரையில் இதன் இழப்பு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு இந்த விகிதமும் ஒரு காரணம்.

சாவதற்கு முன் அந்தச் செல்லின் எரிபொருள் கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் பலரும் செல்லின் ஆக்சிஜன் நுகர்வையும் அமில வெளியேற்றத்தையும் அளக்கும் சீஹார்ஸ் கருவிக்கு வருகிறார்கள். கருவி ஒன்றும் கடினமில்லை. இரண்டு நாளில் கைவந்துவிடும். நான் பார்த்தவரை புதியவர்கள் சறுக்குவதெல்லாம் கருவியைத் தொடுவதற்கு ஒரு வாரம் முன்பு. அதனால் கீழே பாதிக்கு மேல் கருவிக்கு முந்தைய வேலைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிசைட் செல்கள்: மனித மூளை அல்லது விழித்திரையிலிருந்து எடுத்து விற்கப்படும் முதல்நிலைச் செல்கள், அல்லது மாட்டுக் கண்ணிலிருந்து நீங்களே பிரித்தெடுத்தவை. குறைந்தது மூன்று வெவ்வேறு கொடையாளர்களிடமிருந்து வந்த செல்கள் வேண்டும். ஏன் மூன்று என்பதை 8-ம் படியில் சொல்கிறேன். ஆனால் வாங்குவது இப்போதே. கடைசி வாரத்தில் மூன்றாவது கொடையாளரைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

5.5 மில்லிமோலார் குளுக்கோஸ் உள்ள மீடியம், டி-குளுக்கோஸ், மேனிட்டால், சீரம். 96 குழி சீஹார்ஸ் பிளேட், அதன் சென்சார் கார்ட்ரிட்ஜ், கேலிப்ரன்ட் திரவம், பைகார்பனேட் இல்லாத அளவீட்டு மீடியம். ஒலிகோமைசின், எஃப்சிசிபி, ரோட்டினோன், ஆன்டிமைசின், 2-டீஆக்சிகுளுக்கோஸ். கார்பன் டை ஆக்சைடு செலுத்தாத 37 டிகிரி இன்குபேட்டர் ஒன்று.

மைக்கோபிளாஸ்மா சோதனையை இன்றே செய்யுங்கள். அந்தக் கிருமி செல்லின் உணவைத் தானும் தின்கிறது, மீடியத்தை அமிலமாக்குகிறது. தொற்று இருந்தால் நீங்கள் அளப்பது இரண்டு உயிர்களின் கூட்டு வளர்சிதை மாற்றம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. மீடியம் கலங்காது.

2. செல் யார் என்பதை உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். குப்பியின் மேல் பெரிசைட் என்று எழுதியிருப்பது போதாது.

பெரிசைட்டுக்கென்றே உள்ள ஒற்றை அடையாளப் புரதம் எதுவும் இல்லை. வளர்ச்சிக் காரணி ஏற்பியான பிடிஜிஎஃப்ஆர்-பீட்டா ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்லிலும் இருக்கும். என்ஜி2 மென்தசைச் செல்லிலும் இருக்கும். எனவே இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே எண்டோதீலியல் அடையாளமான சிடி31, வெள்ளணு அடையாளமான சிடி45 இரண்டும் இல்லை என்பதையும் காட்டுங்கள். இருப்பதைக் காட்டிவிட்டு, இல்லாததைக் காட்ட மறப்பது வழக்கமான தவறு.

ஆல்ஃபா ஸ்மூத் மசில் ஆக்டினை வைத்து முடிவெடுக்காதீர்கள். உடலில் தந்துகியின் நடுப்பகுதியில் இருக்கும் பெரிசைட்டில் அது மிகக் குறைவாகவே தெரியும். பிளாஸ்டிக்கில் சில வாரம் வளர்த்தால் அதே செல்லில் ஏறிவிடும். அது ஏறுவது செல் சுருங்கும் தசை வகையை நோக்கி நகர்கிறது என்பதற்கான அறிகுறி. அதன் ஆற்றல் தேவையும் கூடவே மாறும்.

ஆகவே பாசேஜ் எண்ணுக்கு, அதாவது செல்லை எத்தனை முறை புதுப் பாத்திரத்துக்கு மாற்றி வளர்த்தோம் என்பதற்கு, ஒரு வரம்பு வையுங்கள். நான் 6-க்கு மேல் போவதில்லை. அதைவிட முக்கியம், ஒப்பிடும் எல்லாக் குழுக்களும் ஒரே பாசேஜாக இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் குழு பாசேஜ் 4, உயர் குளுக்கோஸ் குழு பாசேஜ் 7 என்று இருந்த ஒரு தரவுத் தொகுப்பைப் பார்த்திருக்கிறேன். குளுக்கோஸின் விளைவு என்று எழுதப்பட்டிருந்தது. செல்லின் வயசு என்றும் எழுதியிருக்கலாம்.

மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தால் எண்டோதீலியல் செல் கலப்பதுதான் பெரிய தொல்லை. பூச்சு எதுவும் பூசாத பிளேட்டில், சீரம் கூடுதலாக உள்ள மீடியத்தில் விதையுங்கள். பெரிசைட் அதில் ஒட்டிப் பெருகும். எண்டோதீலியல் செல் ஃபைப்ரோநெக்டின், ஜெலட்டின் போன்ற பூச்சை எதிர்பார்ப்பதால் பின்தங்கும்.

3. குளுக்கோஸ் குழுக்களை அமையுங்கள்

மூன்று குழு வேண்டும், இரண்டு போதாது.

முதல் குழு 5.5 மில்லிமோலார். ரத்தச் சர்க்கரைக் கணக்கில் டெசிலிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம். இரண்டாவது 25 மில்லிமோலார். சுமார் 450 மில்லிகிராம். மூன்றாவது, 5.5 குளுக்கோஸுடன், செல் எரிபொருளாக்காத சர்க்கரை ஆல்கஹாலான மேனிட்டால் 19.5 மில்லிமோலார். உயர் குளுக்கோஸ் மீடியம் அடர்த்தியிலும் உயர்ந்தது; செல்லிலிருந்து நீரை இழுக்கும். செல் மாறியது சர்க்கரையாலா, நீர் இழந்ததாலா என்று பிரித்துச் சொல்ல மூன்றாவது குழு இல்லாமல் வழியே இல்லை.

500 மில்லி மீடியத்துக்குக் குளுக்கோஸ் 1.76 கிராம், மேனிட்டால் 1.78 கிராம் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். இரண்டையும் அதே 5.5 மீடியத்தில் கரைத்து வடிகட்டுங்கள். கடையில் கிடைக்கும் 25 மில்லிமோலார் மீடியத்தை வாங்கி உயர் குழுவுக்கு ஊற்றிவிட வேண்டாம். நிறுவனம், தயாரிப்புத் தொகுதி, பைருவேட் உண்டா இல்லையா என்று குளுக்கோஸைத் தவிர வேறு வித்தியாசங்களும் அந்தப் பாட்டிலோடு வந்துவிடும்.

தினமும் மீடியம் மாற்றுங்கள். 5.5 குழுவில் செல்கள் நெருக்கமாக வளர்ந்தால் குளுக்கோஸ் வேகமாகத் தீரும். 25 குழுவில் தீராது. மூன்று நாள் மாற்றாமல் விட்டால் நீங்கள் ஒப்பிடுவது இயல்பையும் உயர்வையும் அல்ல, பட்டினியையும் விருந்தையும். ஒருமுறையாவது, மாற்றுவதற்குச் சற்று முன் எடுத்த மீடியத்தில் எவ்வளவு மிச்சம் என்று குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட் கொண்டு அளந்து பாருங்கள். வீட்டு குளுக்கோமீட்டரால் அளக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது ரத்தத்துக்காக அளவு திருத்தப்பட்டது. மீடியத்தில் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

எத்தனை நாள்? 24 மணி நேரத்தில் காண்பது பெரும்பாலும் உடனடி அதிர்ச்சி. நான் 5 நாள் வைக்கிறேன். இத்தனை நாளும் செல் ஃபிளாஸ்க்கில் இருக்கட்டும். 96 குழி பிளேட்டில் ஐந்து நாள் வைத்தால் ஓரக் குழிகள் ஆவியாகி அடர்த்தி கூடிவிடும். நீங்கள் கவனமாகக் கணக்கிட்ட 19.5 அங்கே அர்த்தமிழக்கும்.

4. முன்னோட்டம்: செல் எண்ணிக்கை, எஃப்சிசிபி அளவு

உண்மையான பரிசோதனைக்கு முன் ஒரு பிளேட்டை இதற்கே ஒதுக்குங்கள். பிளேட் விலை அதிகம்தான். முன்னோட்டம் இல்லாமல் வீணாகும் பிளேட்டுகளின் விலை அதைவிட அதிகம்.

குழிக்கு 5,000, 10,000, 15,000, 20,000, 30,000 என்று விதைத்துப் பாருங்கள். செல் எண்ணிக்கை கூடக் கூட ஆக்சிஜன் நுகர்வும் நேர்க்கோட்டில் ஏறும் பகுதி எதுவோ, அதன் நடுவில் உள்ள எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கோடு வளையத் தொடங்கும் இடத்தில், அளக்கும் சில நிமிடங்களுக்குள் குழியின் ஆக்சிஜன் தட்டுப்பாடாகிறது; செல்லின் உண்மையான வேகம் அதற்குமேல் தெரியாது. பெரிசைட் பரந்து விரியும் செல் என்பதால் பலருக்கும் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே அமையும்.

அதே பிளேட்டில் எஃப்சிசிபியை 0.25, 0.5, 1, 2 மைக்ரோமோலார் என்று பாருங்கள். இது மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் புரோட்டானுக்கு ஓட்டை போடும் மருந்து. குறைவாகப் போட்டால் உச்ச சுவாசம் வராது. கூடுதலாகப் போட்டால் மைட்டோகாண்ட்ரியாவே சரிந்து, மறுபடி எண் குறையும். இரண்டு தவறும் திரையில் ஒன்றுபோலத் தெரியும்: உபரித் திறன் (உச்சத்துக்கும் அடிப்படைச் சுவாசத்துக்கும் உள்ள இடைவெளி) குறைவு. அதைத்தான் பலர் நோயின் விளைவு என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்த அளவைக் கட்டுப்பாட்டுச் செல்லில் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். உயர் குளுக்கோஸில் ஐந்து நாள் இருந்த செல்லுக்கு உச்சம் வேறு அளவில் வரலாம்.

5. விதைப்பு

அளவீட்டுக்கு முந்தைய நாள், ஒவ்வொரு ஃபிளாஸ்க்கின் செல்லையும் எடுத்து, அது இருந்த அதே குளுக்கோஸ் மீடியத்தில் குழிக்கு 80 மைக்ரோலிட்டராக விதையுங்கள். விதைக்கும்போது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே மீடியம் எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் கைத்தவறு. மாட்டு விழித்திரைப் பெரிசைட்டை உயர் குளுக்கோஸிலிருந்து திடீரெனக் குறைந்த அளவுக்கு மாற்றினாலே செல்கள் சாகத் தொடங்குவதாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஏறி இறங்கும் குளுக்கோஸும் பெரிசைட்டுக்கு ஆகாது.

நான்கு மூலைக் குழிகளில் செல் போடாதீர்கள். அவை பின்னணிக்காக.

விதைத்ததும் பிளேட்டை நேராக இன்குபேட்டருக்குள் தள்ளாமல் ஒரு மணி நேரம் அறை வெப்பநிலையில் அசையாமல் வையுங்கள். உடனே சூடாக்கினால் திரவத்தில் ஓட்டம் உண்டாகிச் செல்கள் குழியின் விளிம்பில் சேரும். சென்சார் அளப்பது குழியின் நடுவில்.

6. முந்தைய இரவும் அன்று காலையும்

இரவு கார்ட்ரிட்ஜைக் கேலிப்ரன்ட்டில் மூழ்கவைத்து, கார்பன் டை ஆக்சைடு இல்லாத இன்குபேட்டரில் வையுங்கள். சென்சாரின் சாயம் நீர் உறிஞ்ச நேரம் வேண்டும்.

காலையில் மீடியத்தை மாற்றும்போதுதான் இந்த வழிகாட்டியின் மிகச் சிக்கலான கேள்வி வருகிறது. அளவீட்டு மீடியத்தில் எவ்வளவு குளுக்கோஸ் போடுவது?

பொதுவான செய்முறை 10 மில்லிமோலார் குளுக்கோஸ், 1 பைருவேட், 2 குளுட்டமின், பிஹெச் 7.4 என்று சொல்லும். எல்லாக் குழுவுக்கும் அதையே கொடுத்தால், ஐந்து நாள் உயர் குளுக்கோஸ் செல்லின் இயந்திரத்தையே மாற்றிவிட்டதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். அவரவர் குளுக்கோஸிலேயே அளந்தால், அந்தச் சூழலில் செல் இப்போது எப்படி ஓடுகிறது என்பது தெரியும். இரண்டும் வேறு கேள்விகள். பல செல்களில், குளுக்கோஸைத் திடீரென ஏற்றினாலே சுவாசம் சற்றுத் தணியும். இதைக் கிராப்ட்ரீ விளைவு என்பார்கள். நோய் இல்லாமலே வரும் தணிவு அது.

என் தீர்ப்பு: முடிந்தால் ஒரே பிளேட்டில் இரண்டு வகையும் ஓட்டுங்கள். முடியாதென்றால் ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்று நோட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அளந்து முடித்தபின் காரணம் தேடினால், கிடைத்த எண்ணுக்கு ஏற்ற காரணம்தான் தோன்றும்.

மாற்றும்போது குழியை வறட்டாதீர்கள். கொஞ்சம் திரவம் விட்டுவைத்து, இருமுறை கழுவி, மொத்தம் 180 மைக்ரோலிட்டருக்குக் கொண்டுவாருங்கள். பெரிசைட் ஓரத்திலிருந்து விரிப்புபோல் உரிந்து வரும் செல். பிப்பெட் முனை சுவரைத் தொடட்டும், தரையைத் தொட வேண்டாம். பிறகு 45 முதல் 60 நிமிடம் கார்பன் டை ஆக்சைடு இல்லாத இன்குபேட்டரில். பழைய மீடியத்தில் கரைந்த வாயு வெளியேறாவிட்டால் அமில அளவீடு முழுக்கப் பிசகும்.

7. ஓட்டம்

மருந்துகளைப் பத்து மடங்கு அடர்த்தியில் தயாரித்து, கார்ட்ரிட்ஜின் முதல் துளையில் 20, இரண்டாவதில் 22, மூன்றாவதில் 25 மைக்ரோலிட்டர் ஊற்றுங்கள். அளவு ஏறுவதற்குக் காரணம், ஒவ்வொரு செலுத்தலுக்குப் பின்னும் குழியின் கொள்ளளவு கூடுகிறது.

வரிசை மாறக்கூடாது. ஒலிகோமைசின், இறுதியில் 1.5 மைக்ரோமோலார்: மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) உற்பத்தியை நிறுத்தும். பிறகு எஃப்சிசிபி: உச்சத்துக்குத் தள்ளும். கடைசியில் ரோட்டினோனும் ஆன்டிமைசினும், தலா 0.5: சுவாசச் சங்கிலியையே அடைக்கும். அதற்குமேலும் மிஞ்சும் ஆக்சிஜன் நுகர்வு மைட்டோகாண்ட்ரியாவுடையது அல்ல.

அமில வெளியேற்றத்தை அப்படியே கிளைக்காலிசிஸ் (ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் வழி) என்று படிக்காதீர்கள். சுவாசத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடும் நீரில் கரைந்து அமிலமாகிறது. தனியொரு பிளேட்டில் குளுக்கோஸ் இல்லாமல் தொடங்கி, குளுக்கோஸ், ஒலிகோமைசின், கிளைக்காலிசிஸைத் தடுக்கும் 2-டீஆக்சிகுளுக்கோஸ் 50 மில்லிமோலார் என்று செலுத்திப் பாருங்கள்; கடைசி மருந்துக்கு விழும் பகுதிதான் கிளைக்காலிசிஸின் பங்கு. மீடியத்தில் லாக்டேட்டை நேரடியாகக் கிட் மூலம் அளந்தால் இன்னும் நிம்மதி.

8. எண்ணி வகுங்கள்

ஓட்டம் முடிந்ததும் பிளேட்டை வீசாதீர்கள். ஹோக்ஸ்ட் சாயமிட்டுக் குழிவாரியாக உட்கருக்களை எண்ணி, ஒவ்வொரு எண்ணையும் வகுங்கள்.

விதைத்த எண்ணிக்கையால் வகுப்பது இங்கே செல்லாது. நாம் எடுத்துக்கொண்ட நோயே செல் சாகும் நோய். உயர் குளுக்கோஸ் குழியில் கால்வாசிச் செல் போயிருந்தால், மிச்சமுள்ள செல் முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலும் ஆக்சிஜன் நுகர்வு கால்வாசி குறைந்துதான் தெரியும். புரத அளவால் வகுப்பதிலும் ஒரு பொறி உண்டு: பெரிசைட் உயர் குளுக்கோஸில் ஃபைப்ரோநெக்டின் போன்ற அடித்தளச் சவ்வுப் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கலாம், அது சுவாசிப்பதில்லை.

அடுத்து, புள்ளியியல். ஒரு பிளேட்டில் 20 குழி என்றால் மாதிரி எண்ணிக்கை 20 அல்ல. எல்லாம் ஒரே கொடையாளர், ஒரே நாள், ஒரே கை. அந்த 20-ன் சராசரி ஒரே ஒரு புள்ளி. மூன்று கொடையாளர் என்றால் மூன்று புள்ளி, ஒப்பீடும் அதற்குள்தான். இதைச் சொன்னதும் முகம் வாடாதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை, ஏனென்றால் 20 என்று போட்டால் எல்லாமே முக்கியத்துவத்துடன் வெளிவரும்.

9. கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. ஆக்சிஜன் நுகர்வில் முதல் மருந்துக்கு முந்தைய கடைசி அளவு 92, ஒலிகோமைசினுக்குப் பின் 38, எஃப்சிசிபி உச்சம் 170, கடைசியில் 20 என்று வைத்துக்கொள்வோம்.

அடிப்படைச் சுவாசம் 92-ல் 20 கழித்து 72. ஏடிபிக்காக ஓடியது 92-ல் 38 கழித்து 54. புரோட்டான் கசிவு 38-ல் 20 கழித்து 18. உச்சம் 150. உபரித் திறன் 150-ல் 72 கழித்து 78. இணைப்புத் திறன், அதாவது அடிப்படைச் சுவாசத்தில் ஏடிபிக்காக ஓடிய பங்கு, 54-ஐ 72-ஆல் வகுத்தால் 75 சதவீதம்.

கடைசி 20-ஐக் கழிக்க மறந்தால் அடிப்படை, உச்சம் இரண்டும் ஊதிப்போகும்; இணைப்புத் திறன் கீழே விழும். அந்த 20 குழுவுக்குக் குழு வேறுபடலாம் என்பதால் பிழை சமமாகவும் விழாது.

10. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தடுத்துப் பாருங்கள்

சுவாசம் குறைந்தது என்பது கண்டுபிடிப்பு அல்ல, ஒரு தொடக்கம். எந்த நொதி என்று ஊகித்து, அதைத் தடுத்து, எண் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

உயர் குளுக்கோஸில் முதலில் பார்க்க வேண்டியது ஆல்டோஸ் ரிடக்டேஸ். மிஞ்சிய குளுக்கோஸை அது சார்பிட்டாலாக்கும். அதற்கு என்ஏடிபிஹெச் (எலக்ட்ரான் கொடுக்கும் துணை மூலக்கூறு) செலவாகும். அதே என்ஏடிபிஹெச்தான் செல்லின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் பொருளான குளுட்டத்தயோனைப் புதுப்பிக்கவும் வேண்டும். எனவே தடுப்பான் போட்டதும் சார்பிட்டால் குறைவதோடு ஆக்சிஜனேற்ற அழுத்தமும் குறைகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த வழியை அடைக்கும் சார்பினில் மருந்தை மனிதரில் சோதித்த ஆய்வு 1990-ல் வெளிவந்தது, விழித்திரை நோயின் முன்னேற்றத்தை அது குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. பிளேட்டில் எண் திரும்பியதை மருந்து கிடைத்ததாக எழுத வேண்டாம்.

இரண்டாவது, உயிர்பிழைப்புச் சமிக்ஞை. உயர் குளுக்கோஸ் புரோட்டீன் கைனேஸ் சி-டெல்டாவைத் தூண்டி, எஸ்ஹெச்பி-1 என்ற பாஸ்ஃபட்டேஸ் வழியாக பிடிஜிஎஃப்ஆர்-பீட்டாவைச் செவிடாக்குகிறது என்று 2009-ல் காட்டினார்கள். அப்படியானால் செல் சாவது எரிபொருள் கெட்டதால் மட்டும் அல்ல. வளர்ச்சிக் காரணி கொடுத்து ஏற்பி பாஸ்பேட் பெறுகிறதா என்று ஒரு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) போடாமல், வளர்சிதை மாற்றமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

வேறு நோயை எடுத்தவர்கள் இந்த விடைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தத்தில் நுரையீரல் பெரிசைட்டில் பிடிகே4 என்ற நொதி கூடுகிறது. அது பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரியும் வாசலை அடைக்கும். அங்கே அந்த நொதியைத் தடுக்கும் டைக்ளோரோஅசிடேட் போட்டு, சுவாசம் ஏறி அமிலம் இறங்குகிறதா என்பதே சோதனை. புற்றுநோய்க் கட்டிகளின் நாளங்களிலோ கிளைக்காலிசிஸைத் தொடங்கும் நொதியான ஹெக்ஸோகைனேஸ் 2 ஏறி, கிளைக்காலிசிஸ் பெருகி, பெரிசைட் அளவுக்கு மீறிச் சுருங்குகிறது. அங்கே செல் சாகவில்லை, இருந்துகொண்டே நாளத்தைக் கெடுக்கிறது.

11. நாளத்திடம் கேளுங்கள்

பெரிசைட்டின் வேலை நாளத்தைத் தாங்குவது. எண் மாறியபின் அந்த வேலை மாறியதா?

ஊடுருவு சவ்வுச் செருகியின் அடிப்பக்கத்தில் பெரிசைட், மேற்பக்கத்தில் எண்டோதீலியல் செல் வளர்த்து, குறுக்கே மின்தடையை அளக்கலாம். பெரிசைட்டை மட்டும் ஐந்து நாள் உயர் குளுக்கோஸில் வைத்து, பிறகு இயல்பான எண்டோதீலியல் செல்லோடு சேருங்கள். இரண்டையும் சேர்த்தே உயர் குளுக்கோஸில் வைத்தால் கசிவுக்கு யார் பொறுப்பு என்று தெரியாது. ஐந்து நாளுக்குப் பின் சேர்க்கும் பொது மீடியத்தின் குளுக்கோஸைப் படிப்படியாக இறக்குங்கள். திடீர் இறக்கத்தின் ஆபத்து இங்கேயும் அதேதான்.

கொலாஜன் ஜெல்லில் பெரிசைட்டைப் புதைத்து, ஜெல் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பது மலிவான மாற்று. தட்டின் சுவரிலிருந்து ஜெல்லை விடுவிக்கும் நேரத்தை எல்லாக் குழுவுக்கும் ஒன்றாக வையுங்கள்.

இரு வகைச் செல்லும் கலந்த குழியைச் சீஹார்ஸில் ஏற்ற ஆசை வரும். ஏற்றலாம், எண்ணும் வரும். எந்த ஆக்சிஜனை யார் குடித்தார் என்பது மட்டும் வராது. காந்த மணிகளால் சிடி31 உள்ள செல்களைப் பிரித்தெடுத்து, மிச்சமுள்ள பெரிசைட்டைப் புதிதாக விதைத்து அளங்கள். பிரிக்கும் வேலையே செல்லை அலைக்கழிக்கும் என்பதால், கலக்காமல் வளர்த்த பெரிசைட்டையும் அதே மணிகளின் வழியாக ஒருமுறை அனுப்பிவிட்டு ஒப்பிடுங்கள்.